வெயில் வேறு, வெக்கை வேறு

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சோலார் பேனல் ஏறியபோது ஒரு சண்டையும் சேர்ந்தே ஏறியது. கைப்பிடிச் சுவரின் நிழல்கூட விழாத நல்ல இடம் முழுக்க ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. அதுவரை அது அம்மாவின் இடம். பங்குனிக் கடைசியில் தொடங்கி அக்னி நட்சத்திரம் முடியும்வரை கூழ்வத்தல், மோர் மிளகாய், சுண்டைக்காய் என்று ஏதாவது ஒன்று அங்கே காய்ந்துகொண்டிருக்கும். பேனல் மாட்டிய மறுநாள் அம்மா அதன் அடியில் வேட்டியை விரித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "என் வெயிலைப் பூரா பிடுங்கிட்டீங்களேடா" என்றார்.

திட்டுதான். ஆனால் இயற்பியலாகவும் அது சரி. ஒரு இடத்தில் விழும் வெயில் இவ்வளவுதான். அதை வத்தலுக்குக் கொடுக்கலாம், வெந்நீருக்குக் கொடுக்கலாம், கரண்டுக்குக் கொடுக்கலாம். மூன்றுக்கும் சேர்த்துக் கொடுக்க முடியாது. எங்கள் மாடியில் இப்போது மூன்றும் இருக்கின்றன: தென்பக்கம் பேனல், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கண்ணாடிக் குழாய் வைத்த வாட்டர் ஹீட்டர், மிஞ்சிய மூலையில் வத்தல். இந்த மூன்றும் வெயிலை வாங்கும் விதம் ஒன்றுக்கொன்று வேறு. அந்த வேறுபாடு புரிந்தால், "நம்ம ஊர் வெயிலுக்குக் கரண்ட் கொட்டுமே" என்ற பேச்சில் பாதி சரி, பாதி தப்பு என்பதும் புரிந்துவிடும்.

மதுரைக்காரர்களிடம் இதற்கான சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மேகம் மூடிய சாயங்காலத்தில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நின்றால், "வெயிலே இல்லை, ஆனா வெக்கை தாங்கலையே" என்று யாராவது சொல்லக் கேட்கலாம். ராத்திரி பத்து மணிக்கு மாடித் தரையில் காலை வைத்துவிட்டு, "இன்னும் வெக்கை இறங்கலை" என்போம். வெயில் மேலிருந்து வருவது; அது ஒளி. அந்த ஒளியைத் தரையும் சுவரும் தார் ரோடும் விழுங்கிவிட்டு, அப்புறம் சாவகாசமாகத் திருப்பித் தருவது வெக்கை. சோலாரின் அடிப்படை முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது. ஒளியை வெக்கையாக மாறவிட்டு, மாறிய பிறகு தப்பிக்க விடாமல் பிடித்து வைத்தால் வெந்நீர். வெக்கையாக மாறுவதற்கு முன்பே தட்டிப் பறித்தால் கரண்ட்.

மாடிக்கு வருவது எவ்வளவு

சூரியனின் நடுவில் ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாகிறது. அதில் நொடிக்குச் சுமார் 40 லட்சம் டன் நிறை ஆற்றலாகிப் போகிறது. அது அங்கே நடக்கட்டும். 15 கோடி கிலோமீட்டரை எட்டு நிமிடம் இருபது நொடியில் கடந்து காற்று மண்டலத்தின் உச்சியைத் தொடும்போது, ஒரு சதுர மீட்டருக்கு 1361 வாட் இருக்கிறது. காற்று, தூசி, ஈரம் எல்லாம் தம் பங்கை எடுத்துக்கொண்டது போக, தெளிந்த வானத்தில் உச்சிவேளைக்கு நம் மாடிக்கு வந்து சேர்வது ஏறக்குறைய 1000 வாட். ஒரு அயர்ன் பாக்ஸ் இழுக்கும் கரண்ட் அளவு அது. 600 சதுர அடி மாடி என்றால் சுமார் 55 சதுர மீட்டர். அதாவது சித்திரை மதியத்தில் 55 அயர்ன் பாக்ஸ்களை மாடியில் கவிழ்த்து வைத்த கணக்கு. மேல்மாடி வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரு நாள் முழுவதையும் கூட்டினால், வருட சராசரியாகச் சதுர மீட்டருக்கு 5 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மின்வாரியம் கணக்கெடுக்கும் அதே யூனிட்தான்.

மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே கிட்டத்தட்ட 10 டிகிரியில் இருக்கிறது. அதனால் சூரியன் வருடத்துக்கு இரண்டு முறை நம் உச்சந்தலைக்கு நேராக வரும்: சித்திரைப் பிறப்பை ஒட்டி ஏப்ரல் நடுவிலும், ஆகஸ்ட் கடைசியிலும். அந்த நாட்களில் மாடியில் ஒரு கம்பியை நேராக நட்டால் மதியம் 12.17 வாக்கில் நிழலே இருக்காது. 12 மணிக்கு ஏன் இல்லை என்றால், நம் கடிகாரம் அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகைக்கு வைத்தது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். ஜூனில் மதியச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், டிசம்பரில் தெற்கே 33 டிகிரி சாய்ந்திருக்கும். பேனலைத் தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்த்து வைத்தால் இரண்டு எல்லைக்கும் நடுவில் நிற்கும். எதிர்வீட்டுப் பெரியவர், "கிழக்கே பார்த்து வைக்கக் கூடாதா தம்பி, வாஸ்துவுக்கு நல்லது" என்றார். வைக்கலாம். பத்து டிகிரி சாய்வுக்குத் திசை மாறினால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. சாய்வே இல்லாமல் படுக்க வைத்தால்தான் மழைத்தண்ணீர் வடியாமல் அழுக்கு தங்கும்.

உள்ளே விடு, வெளியே விடாதே

முதலில் வத்தல். அம்மாவின் கூழில் நாலு கிலோ தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வெப்பநிலையில் ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகச் சுமார் 2400 கிலோஜூல் வேண்டும். யூனிட்டில் சொன்னால் 0.67. நாலு கிலோவுக்கு 2.7 யூனிட். மின்சார அடுப்பில் இதைச் செய்தால் பில்லில் தெரியும். வேட்டியில் விரித்தால் தெரியாது. இந்த இடத்தில் தண்ணீர் கொதிக்க வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மேலே கொஞ்சம் சூடு, பக்கத்தில் உலர்ந்த காற்று, இது போதும். அதே காரணத்தால்தான் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தோல் பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் அந்தக் கூட்டத்துக்குக் குளிர்கிறது. ஆவியாகப் போகும் தண்ணீர், போகும்போது உடம்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

வெந்நீர் இதற்கு நேர் எதிர். அங்கே ஆவியும் ஆகக் கூடாது, காற்றும் படக் கூடாது. வந்த சூடு போகவே கூடாது.

கறுப்புத் தகட்டை வெயிலில் வைத்தால் நூற்றுக்கு 95 பங்கு ஒளியை விழுங்கிவிடும். பிரச்சினை விழுங்குவதில் இல்லை. சூடான எந்தப் பொருளும் கதிர் வீசும். 60 டிகிரி சூட்டில் இருக்கும் கறுப்புத் தகடு ஒரு சதுர மீட்டரிலிருந்து கிட்டத்தட்ட 700 வாட் வெளியே வீசுகிறது. வருவது 1000, போவது 700. சுற்றுப்புறமும் வானமும் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும், ஆனால் காற்று வேறு தன் பங்குக்கு உறிஞ்சும். வெறும் கறுப்பு டிரம்மை மாடியில் வைத்துவிட்டு வெந்நீருக்குக் காத்திருப்பவர்களுக்கு வெதுவெதுப்போடு கதை முடிவது இதனால்தான்.

தப்பிக்கும் வழி ஒன்று இருக்கிறது. வரும் கதிரும் போகும் கதிரும் ஒரே ஜாதி இல்லை. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5500 டிகிரி. அவ்வளவு சூட்டில் இருப்பது வீசும் கதிர் குறுகிய அலை. பாதிக்கு நெருக்கமாகக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், மீதியில் பெரும்பகுதி அதை ஒட்டிய அகச்சிவப்பு. 60 டிகிரித் தகடு வீசுவதோ சுமார் பதினேழு மடங்கு நீண்ட அலை. கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். வெக்கை என்பது இதுதான். கண்ணாடி முதலாவதை உள்ளே விடும், இரண்டாவதை விடாது. ஜன்னலை ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்.

குழாய் ஹீட்டர் இதே தந்திரத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. ஒவ்வொரு குழாயும் உண்மையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள். இடையில் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். டீக்கடையிலிருந்து டீ வாங்கி வரும் பிளாஸ்க் இருக்கிறதே, அதே அமைப்பு. பிளாஸ்க் சூட்டை உள்ளே வைத்திருக்கும், ஆனால் அதில் வெயில் நுழையாது. இதில் நுழையும். உள் குழாயின் மேல் பூசியிருக்கும் கருநீலப் பூச்சு சாதாரணக் கறுப்பு பெயின்ட் இல்லை. குறுகிய அலையைப் பார்த்தால் கறுப்பாக நடந்துகொள்ளும், நீண்ட அலையைப் பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளப்பாக நடந்துகொள்ளும். நல்ல விழுங்கி, மோசமான வீசி. 700 வாட் வீச வேண்டிய இடத்தில் நாற்பது, ஐம்பது வாட்தான் வீசும். சித்திரை வெயிலில் நின்று அந்தக் குழாயை வெளியே தொட்டுப் பார்த்தால் கை சுடாது. உள்ளே தண்ணீர் 70 டிகிரியில் இருக்கும். முதல் முறை தொட்டபோது ரிப்பேர் ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

ஒரு குழாய் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதும் சுலபம். அதன் மூடிய அடி நுனியில் வெள்ளி முலாம் போட்டது போல ஒரு பளபளப்பு இருக்கும். அது பேரியம். மிச்சம் மீதிக் காற்று ஏதாவது கசிந்தால் விழுங்குவதற்காக வைத்தது. கண்ணாடியில் மயிரிழை விரிசல் விட்டு வெளிக்காற்று புகுந்துவிட்டால் பேரியம் காற்றோடு சேர்ந்து பால் வெள்ளையாகிவிடும். வெள்ளி இருந்தால் நல்ல குழாய், வெள்ளையானால் மாற்ற வேண்டிய குழாய்.

தண்ணீரைச் சுற்றவைக்க மோட்டார் தேவையில்லை. சூடான தண்ணீர் கொஞ்சம் விரிந்து லேசாகிறது. 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 13 கிலோ குறையும். இந்தச் சின்ன வித்தியாசமே அதைக் குழாய் வழியாக மேலே தள்ளி, குளிர்ந்த தண்ணீரைக் கீழே இறக்குகிறது. டேங்க் எப்போதும் குழாய்களுக்கு மேலே இருப்பது இதற்காகத்தான்.

நம் பக்கத்தில் ஹீட்டருக்கு உண்மையான எதிரி போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், தண்ணீர் சூடாகும்போது சுண்ணாம்பாகப் படிகிறது. இட்லிப் பானையின் அடியில் வெள்ளையாக ஏடு கட்டுமே, அதே சங்கதி. கண்ணாடிக் குழாய்க்குப் பதிலாகத் தகடு வைத்த ஹீட்டரில் உள்ளே ஓடும் செம்புக் குழாய் சிறியது, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் அகலமானது. படிந்தாலும் ஓடும், வருடத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவலாம். எங்களுக்கு விற்றவர் இதைச் சொல்லவில்லை. இரண்டாவது வருடம் வெந்நீர் நூல் போல வந்தபோது நாங்களே கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

சில்லறை தராத கண்டக்டர்

கரண்டுக்கு வருவோம். சூரிய ஒளி ஒரு பொருளின் மேல் பட்டு, இடையில் வேறெதுவும் இல்லாமல் மின்சாரம் பிறப்பதை 1839-ல் பிரெஞ்சுக்காரர் எட்மோன் பெக்கரல் கவனித்தார். ஒளி சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது என்று 1905-ல் ஐன்ஸ்டைன் சொன்னார். 1921-ம் ஆண்டு நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது சார்பியலுக்காக இல்லை, இதற்காக. 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருப்படியான முதல் சிலிக்கான் செல்லைச் செய்தார்கள். பேனலில் கட்டம் கட்டமாகத் தெரிவது இந்தச் செல்தான். நூற்றுக்கு ஆறு பங்கு ஒளியை அது கரண்ட் ஆக்கியது.

சிலிக்கானுக்குள் நடப்பதை டவுன் பஸ்ஸை வைத்துச் சொல்லலாம். டிக்கெட் 11 ரூபாய். கண்டக்டர் ஒரு மாதிரியான ஆள். உங்களிடம் 11 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் ஏற்ற மாட்டார். இரண்டு பேர் காசைச் சேர்த்து ஒரு டிக்கெட் வாங்கவும் விடமாட்டார். அதிகமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், மீதிச் சில்லறை தரமாட்டார். சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானைக் கட்டிலிருந்து விடுவிக்க 1.1 எலக்ட்ரான்வோல்ட் (ஆற்றலை அளக்கும் மிகச் சின்ன அலகு) வேண்டும். அதுதான் டிக்கெட். சிவப்பு ஒளியின் ஒரு பொட்டலம் 1.8 கொண்டு வருகிறது, நீலம் 2.7. இரண்டும் ஓர் எலக்ட்ரானைத்தான் ஏற்றும். மிச்சக் காசு செல்லுக்குள்ளேயே வெக்கையாகிறது. நீண்ட அலை அகச்சிவப்பு 1.1-க்குக் குறைவாக வைத்திருப்பதால் பஸ்ஸிலேயே ஏறாது.

இந்தக் கண்டக்டரால் எவ்வளவு போகிறது? ஏற முடியாதவை ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல். திருப்பித் தராத சில்லறை மூன்றில் ஒரு பங்கு. ஆரம்பத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. இன்னும் சில தவிர்க்க முடியாத இழப்புகளைக் கழித்தால் சிலிக்கானால் எட்ட முடிகிற உச்சம் நூற்றுக்கு 29 சொச்சம். எவ்வளவு கெட்டிக்காரத் தொழிற்சாலையாக இருந்தாலும் இந்தக் கூரையை முட்டி நின்றுவிடும். இந்த மாதிரிக் கணக்கை 1961-லேயே ஷாக்லி, குவைசர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் போட்டுவிட்டார்கள். இன்று கடையில் கிடைக்கும் பேனல் 20 முதல் 22 வரை தருகிறது. "வெறும் இருபது பர்சென்ட்தானா?" என்று உதட்டைப் பிதுக்குபவர்களிடம், கூரையே 29-தான் என்பதைச் சொல்ல வேண்டும்.

எலக்ட்ரானை ஏற்றிவிட்டால் மட்டும் போதாது. எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று சொல்லாவிட்டால் அது சும்மா சுற்றிவிட்டுப் பழைய இடத்திலேயே விழுந்து, வந்த ஆற்றலை வெக்கையாக்கிவிடும். அதற்காகச் சிலிக்கானின் ஒரு பக்கத்தில் துளி பாஸ்பரஸ், மறு பக்கத்தில் துளி போரான் கலக்கிறார்கள். இரண்டும் சேரும் எல்லையில் ஒரு மின்புலம் தானாக உருவாகிறது. வாய்க்காலுக்குச் சரிவு வைத்த மாதிரி. விடுபட்ட எலக்ட்ரான் அந்தச் சரிவில் ஒரு பக்கமாக ஓடும். மேலே தெரியும் மெல்லிய வெள்ளிக் கோடுகள் அதை வாரிக்கொள்ளும் கால்வாய்கள். ஒரு செல்லில் 0.6 வோல்ட்தான் கிடைக்கும் என்பதால் அறுபது எழுபது செல்களை வரிசையாகக் கோக்கிறார்கள்.

இப்போது எங்கள் வீட்டுப் புகார். மூன்று கிலோவாட் பேனல். போன் ஆப்பில் பார்த்தால் கொளுத்தும் மதியத்தில்கூட 2.4-ஐத் தாண்டவில்லை. மாட்டிய தம்பியைக் கூப்பிட்டேன். மாடிக்கு வந்து பேனலின் பின்பக்கம் கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தான். "அண்ணே, தொட்டுப் பாருங்க, தோசைக்கல்லு மாதிரி இருக்கு. இது வெளிச்சத்துக்குத்தான் கரண்ட் குடுக்கும். வெக்கைக்குக் குடுக்காது, எடுத்துக்கும்."

இதைவிடத் தெளிவாக நான் சொல்லிவிட முடியாது. கணக்கை மட்டும் சேர்க்கிறேன். பேனலின் மேல் ஒட்டியிருக்கும் 'மூன்று கிலோவாட்' என்பது 1000 வாட் வெயிலில், செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. மதுரையில் உச்சிவெயிலும் 25 டிகிரியும் ஒரே நேரத்தில் எந்தக் காலத்தில் வந்திருக்கிறது? காற்று 38 டிகிரி இருந்தால் செல் 65-ஐத் தொடும். சூடு ஏறினால் சிலிக்கானில் எலக்ட்ரான்கள் ஒளி இல்லாமல் தாமாகவே எகிறத் தொடங்கும், கட்டிவைத்த சரிவின் வழியாகக் கசிவு கூடும், வோல்டேஜ் இறங்கும். ஒரு டிகிரிக்கு நூற்றுக்கு 0.35 முதல் 0.4 என்ற கணக்கில் 40 டிகிரிக்குப் பதினைந்து போய்விடுகிறது. தூசியையும், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரின் பங்கையும் கழித்தால் 2.4 வந்துவிடுகிறது. பழுது ஒன்றும் இல்லை.

அதற்காக, "சித்திரையில் பேனல் படுத்துவிடும்" என்று சொல்பவர்கள் பக்கமும் நான் இல்லை. அது மிகை. தை மாதத்தில் காற்று 30 டிகிரி, சித்திரையில் 38. வித்தியாசம் எட்டு டிகிரி. அதனால் மட்டும் குறைவது நூற்றுக்கு மூன்று. சித்திரை மாதக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் வேறு: மங்கலான வானம், இரண்டு மணிக்குமேல் திரளும் இடிமேகம், பேனல் மேல் ஒரு விரல் தடவினால் ஒட்டும் தூசி. மாசி, பங்குனியில் வானம் துடைத்து வைத்தது போலிருக்கும். பேனலுக்குப் பிடித்த மாதங்கள் அவை. பேனலை நிறுத்தும்போது அடியில் ஒரு முழமாவது காற்று ஓட இடம் விடுவதும், வாரம் ஒருமுறை விடியலில் தண்ணீர் ஊற்றித் துடைப்பதும் மதுரையில் வீண் வேலை இல்லை. மதியம் ஊற்றக் கூடாது; சுட்ட கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பது டீ கிளாஸ் கழுவியவர்களுக்குத் தெரியும்.

அருப்புக்கோட்டை வழியாகக் கமுதிக்குப் போனால் இதே பிரச்சினையை ஊரளவுக்குப் பார்க்கலாம். ராமநாதபுரம் சீமையின் அந்தக் கரிசல் பூமியில் சுமார் 2500 ஏக்கரில், 25 லட்சம் பேனல்களோடு, 648 மெகாவாட் நிலையம் 2016-ல் வந்தது. அப்போது ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. அங்கே துடைப்பதற்கு ரோபோ வைத்திருக்கிறார்கள். எங்களிடம் நீளக் குச்சியில் கட்டிய பழைய பனியன்.

ஒரு தென்னங்கீற்றின் நிழல்

பேனலுக்கு வெக்கையைவிடப் பிடிக்காதது நிழல். செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் எல்லாவற்றிலும் ஒரே கரண்ட்தான் ஓடியாக வேண்டும். ஹோஸ் குழாயை ஒரு இடத்தில் காலால் மிதித்தால் மொத்தக் குழாயிலும் தண்ணீர் குறைவது போல, ஒரு செல் நிழலில் மாட்டினால் அந்த வரிசையே இழுபடும். நிழலில் இருக்கும் செல் கரண்ட் தருவதை விட்டுவிட்டு, மற்றவை தருவதைத் தின்று சூடாகவும் ஆரம்பிக்கும். இதைத் தவிர்க்க ஒரு பேனலுக்குப் பொதுவாக மூன்று டயோடு வைத்திருப்பார்கள்; கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் கதவு அது. மாட்டிக்கொண்ட மூன்றில் ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டுக் கரண்ட் சுற்றுப்பாதையில் போகும். அதாவது பக்கத்து வீட்டுத் தென்னையின் ஒரே கீற்று, பேனலின் பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்கை மறைத்து, விளைச்சலில் முப்பது பங்கைத் தின்றுவிடலாம். ஹீட்டர் இந்த விஷயத்தில் பெருந்தன்மையானது. மூன்று பங்கு மறைந்தால் மூன்று பங்குதான் குறையும்.

நிறையப் பேரை ஏமாற்றும் இன்னொரு விஷயம் கரண்ட் கட். ஆடிக் காற்றில் எங்கள் தெருவில் லைன் போனது. மதியம் ஒரு மணி, நல்ல வெயில், தலைக்கு மேலே மூன்று கிலோவாட் பேனல், வீட்டில் ஃபேன் ஓடவில்லை. பேட்டரி இல்லாத, வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர், லைனின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பைப் பார்த்துத்தான் தன் தாளத்தை வைத்துக்கொள்ளும். அந்தத் துடிப்பு நின்றால் தானும் நிற்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறுபவரின் கைக்கு நம் மாடியிலிருந்து கரண்ட் போகும். நியாயமான விதி. மாட்டுவதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது மட்டும்தான் என் வருத்தம்.

அந்த மதியம் எதிர்வீட்டுப் பெரியவர் விசிறியோடு திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்: "இம்புட்டு வெக்கையும் வீணாத்தானே போகுது, இதுல கரண்டு எடுக்க முடியாதா தம்பி?" நல்ல கேள்வி. பிரான்சின் சாடி கார்னோ 1824-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். வெப்பத்திலிருந்து வேலை வாங்க, சூடான இடமும் குளிர்ந்த இடமும் வேண்டும். எவ்வளவு வாங்கலாம் என்பது இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. மாடித் தரை 60 டிகிரி, சுற்றிலும் 35 டிகிரி என்றால், குறையே இல்லாத இயந்திரம்கூட நூற்றுக்கு ஏழரைதான் எடுக்கும். நிஜ இயந்திரம் அதில் பாதி கொடுத்தால் பெரிது. கண்ணாடிகளை வளைத்து வெயிலைக் குவித்து 400 டிகிரிக்குக் கொண்டுபோனால் அதே கணக்கு 54 ஆகும். ராஜஸ்தான் பாலைவனத்தில் அப்படிப்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் குவிப்பதற்கு நேர்க்கதிர் வேண்டும். சிறு வயதில் பூதக்கண்ணாடியை வைத்துப் பேப்பரைப் பொசுக்கியவர்களுக்குத் தெரியும், மெல்லிய மேகம் வந்தாலே விளையாட்டு முடிந்தது. பேனல் அந்த மேகத்திலும் கொஞ்சம் தரும்.

கரண்டை வெக்கையாக்குவது எளிது, வெக்கையைக் கரண்டாக்குவது கஷ்டம் என்ற இந்த ஒருவழிப் பாதையால்தான், பேனல் கரண்டில் கீசர் ஓட்டுவதை நான் பெரும்பாலும் ஆதரிப்பதில்லை. 100 லிட்டர் தண்ணீரை 28-லிருந்து 58 டிகிரிக்கு உயர்த்த 3.5 யூனிட் வேண்டும். ஹீட்டர் இரண்டு சதுர மீட்டர் இடத்தில் அதைச் செய்துவிடும். பேனலுக்கு அதே வேலைக்கு நாலு, ஐந்து சதுர மீட்டர் வேண்டும். பேனல் விலை இறங்கிக்கொண்டே போகிறது, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மத்திய அரசு மானியம் வேறு இருக்கிறது. மாடியில் இடம் தாராளமாக இருப்பவர்கள் உப்புத் தண்ணீர்த் தொல்லை வேண்டாம் என்று பேனலுக்கே போனால் அதையும் தப்பு சொல்ல மாட்டேன்.

சேமிப்பு என்று பார்த்தாலும் வெந்நீர்தான் மலிவு. வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி முழுசாக நிரம்பினால் 1.8 யூனிட். ஹீட்டரின் 100 லிட்டர் டேங்க் 3.5 யூனிட்டை, இரண்டங்குல நுரை உறைக்குள் விடியும்வரை வைத்திருக்கிறது. மார்கழியில் அஞ்சு மணிக்குக் குளிக்கும்போது தலையில் விழுவது நேற்று மத்தியான வெயில். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் அடைமழை பிடித்தால் அதுவும் இல்லை. அடுப்பில் பானையை ஏற்ற வேண்டியதுதான்.

பேனலுக்கு அடியில் இருந்த இடம் கொஞ்ச நாள் சும்மா கிடந்தது. போன வைகாசியில் மாடிக்குப் போனபோது அங்கே பழைய சேலையை விரித்து ஆவாரம்பூவும் கறிவேப்பிலையும் பரப்பியிருந்தார் அம்மா. நிழலில் காய வேண்டிய சாமான்கள் இவை. வெயில் பட்டால் நிறம் வெளுத்து வாசனை போய்விடும். வழக்கமாக வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் நாலு நாள் கிடக்கும். விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைக் கரண்டாக எடுத்துக்கொண்டு, மீதியில் பெரும்பகுதியைப் பேனல் வெக்கையாகத்தான் விடுகிறது. அதில் பாதியளவு அடிப்பக்கமாக இறங்குகிறது. குனிந்து கையை நீட்டினேன். ஒளியே இல்லை, அனல் காற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கறிவேப்பிலை பச்சை மாறாமல், கையில் நொறுங்கும் பதத்தில் இருந்தது. "ரெண்டே நாள்டா" என்றார் அம்மா.